சக்கரம் எங்கே தொடுகிறது?

மாதிரி ரயில் நடுவழியில் நின்றால் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: தண்டவாளம் அழுக்கு, துடை. துடைத்தால் ஓடவும் செய்யும். இரண்டு நாள் கழித்து அதே வளைவில் மறுபடி திக்கும். அடுத்த முறை துணியை விட்டுவிட்டு உப்புத்தாளைக் கையில் எடுப்பார்கள். தண்டவாளம் புதுப் பாத்திரம் போல மின்னும், ரயிலும் ஒரு வாரம் நன்றாக ஓடும், பிறகு முன்னைவிட மோசமாகத் திணறும். அழுக்கு என்பது வெளியிலிருந்து வந்து படிவது, தேய்த்தால் போய்விடுவது என்ற எண்ணம்தான் இந்தச் சுழற்சிக்கு அடிப்படை. அது பாதி சரி. மின்சாரம் பாயும் தண்டவாளத்தில் படியும் கறுப்புப் பிசுக்கில் கணிசமான பங்கு வெளியிலிருந்து வருவதில்லை. சக்கரமும் தண்டவாளமும் தொடும் இடத்திலேயே, தீப்பொறியால், புதிதாகத் தயாராகிறது. இதை ஒப்புக்கொண்டால் எதை வைத்துத் துடைப்பது என்ற கேள்வி இரண்டாம் இடத்துக்குப் போய்விடும். தீப்பொறி ஏன் வருகிறது, அதை எப்படிக் குறைப்பது என்பதே முதல் கேள்வியாகும்.

அதற்குத் தொடும் இடத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். 87-ல் ஒரு பங்கு அளவுள்ள, ஹெச்.ஓ. எனப்படும் எஞ்சின் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் தண்டவாளங்களுக்கு இடைவெளி 16.5 மில்லிமீட்டர். எஞ்சினின் எடை 300 கிராம், சக்கரம் எட்டு என்றால் ஒரு சக்கரத்தின் மேல் 37 கிராம் சொச்சம். கண்ணுக்கு வழவழப்பாகத் தெரியும் உலோகப் பரப்பு உண்மையில் மேடும் பள்ளமுமானது. சக்கரம் சில மேட்டு நுனிகளில் மட்டும்தான் உட்காரும். பாரத்தைத் தாங்கும் அளவுக்கு அந்த நுனிகள் நசுங்கும், அதற்கு மேல் நசுங்காது. ஆகவே உண்மையான தொடுபரப்பு எவ்வளவு என்பதைப் பாரமும் உலோகத்தின் கடினமுமே தீர்மானிக்கின்றன. ஜெர்மன் சில்வர் என்று நம் ஊரில் சொல்லப்படும் நிக்கல் சில்வர் தண்டவாளத்துக்குக் கணக்கிட்டால், எல்லா நுனிகளையும் ஒன்றாகச் சேர்த்தாலும் சுமார் 18 மைக்ரான் விட்டமுள்ள ஒரு வட்டம்தான் கிடைக்கும். தலைமயிரின் குறுக்குவெட்டில் அது பத்தில் ஒரு பங்குகூட இல்லை. எஞ்சினின் ஓட்டமும் விளக்கும் சத்தமும் இந்த வாசல் வழியாகத்தான் போக வேண்டும். இவ்வளவு சிறிய வாசலா என்று தோன்றினாலும், இரண்டு பக்கமும் சுத்தமான உலோகமாக இருந்தால் அது தாராளம். அதன் தடை 0.02 ஓமைத் தாண்டாது. கால் ஆம்பியர் பாயும்போது இழப்பது ஒரு வோல்ட்டில் இருநூறில் ஒரு பங்குதான். ஆக, வாசல் சிறியது என்பதால் ரயில் நிற்பதில்லை. வாசலை ஏதோ ஒன்று மூடுகிறது.

அப்படியானால் எஞ்சினின் எடையைக் கூட்டி மூடியை உடைத்துவிடலாமே என்று கேட்பது நியாயம். அதற்குப் பதில் பாறசாலை ஸ்டேஷன் வழியாகப் போகும் பெரிய ரயிலிலேயே இருக்கிறது. 1979 ஏப்ரலில் திறக்கப்பட்ட திருவனந்தபுரம்–கன்னியாகுமரி பாதை அது. டபிள்யூ.ஏ.பி.-7 மின்சார எஞ்சினின் எடை 123 டன், சக்கரம் பன்னிரண்டு. ஒவ்வொன்றும் தண்டவாளத்தை 10 டன்னுக்கு மேல் அழுத்துகிறது. நம் மாதிரிச் சக்கரத்தைவிட இரண்டரை லட்சம் மடங்குக்கும் அதிகம். இத்தனை பாரம் இருந்தும் ரயில்வே சிக்னல் பொறியாளர்கள் ஒரு விஷயத்துக்குப் பயப்படுகிறார்கள்: துரு. அமெரிக்காவில் 1872-ல் வில்லியம் ராபின்சன் காப்புரிமை பெற்ற தடச்சுற்று இன்றும் உலகெங்கும் பயனில் இருக்கிறது. இரண்டு தண்டவாளங்களுக்கும் சிறிய மின்னழுத்தம் கொடுத்து மறுமுனையில் ஒரு ரிலேயைப் பிடித்து வைத்திருப்பார்கள். ரயில் வந்ததும் சக்கரமும் அச்சும் இரு தண்டவாளங்களையும் குறுக்கே இணைத்துவிடும். ரிலே விழும், சிக்னல் சிவப்பாகும். இந்திய ரயில்வேயின் நேர்மின்சாரத் தடச்சுற்றில், தண்டவாளங்களுக்கு இடையே 0.5 ஓம் வைத்துச் சோதித்தால் ரிலே விழுந்தாக வேண்டும். ஆனால் பல நாள் வண்டி போகாத பக்கப்பாதையில் துருப் படலம் ஏறிவிட்டால் அத்தனை டன் எடையுள்ள ரயில் மேலே நின்றாலும் சுற்றுக்கு அது தெரியாமல் போகக்கூடும். அங்கே ஓரிரு வோல்ட்தான் இருக்கிறது, அந்தப் படலத்தைத் துளைக்க அது போதாது. ஆகவே பாரம் மட்டும் போதாது என்பது தெளிவு. படலம் எவ்வளவு தடிமன், அதைத் துளைக்க எத்தனை வோல்ட் இருக்கிறது என்பவையும் சேர்ந்தே முடிவு செய்கின்றன. தினமும் வண்டி ஓடும் பாதையில் இந்தத் தொல்லை குறைவு என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளலாம், பின்னால் உதவும்.

மாதிரி ரயிலில் 12 வோல்ட், டிஜிட்டல் முறையில் 14 முதல் 16 வோல்ட் வரை இருக்கிறது. மெல்லிய படலத்தைத் துளைக்க இது போதும். துளைப்பதோடு நின்றுவிட்டால் நல்லதுதான்; தொல்லை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. மின் தொடர்புகளின் இயற்பியலுக்கு அடித்தளம் போட்ட ராக்னர் ஹோல்மின் ஆய்வுகள் வழியாகப் பொறியாளர்களிடையே பரவிய ஒரு முடிவு வியப்பானது. தொடுபுள்ளி எவ்வளவு சூடாகும் என்பது அதன் அளவைப் பொறுத்ததல்ல, பாயும் மின்னோட்டத்தைக்கூடப் பொறுத்ததல்ல. அந்தப் புள்ளியில் எத்தனை வோல்ட் விழுகிறது என்பதை மட்டுமே பொறுத்தது. 0.1 வோல்ட் விழுந்தால் சுமார் 165 டிகிரி செல்சியஸ். 0.4 வோல்ட் விழுந்தால் ஆயிரம் டிகிரியைத் தாண்டும், நிக்கல் சில்வர் உருகத் தொடங்கும். கை வைத்தால் குளிர்ச்சியாக இருக்கும் தண்டவாளத்தில், கண்ணுக்குத் தெரியாத ஒரு புள்ளியில், உலோகம் உருகிக்கொண்டிருக்கலாம். சக்கரம் ஓர் இணைப்பின் மேல் ஏறிக் குதிக்கும் கணத்தில் நுனிகள் ஒவ்வொன்றாகப் பிரிகின்றன. கடைசி நுனி முழு மின்னோட்டத்தையும் தனியாகச் சுமந்து, உருகி, ஆவியாகி, பொறியாகத் தெறிக்கிறது. பொறி நிலையாக எரிய, செம்பு முனைகளுக்கிடையே சுமார் 13 வோல்ட்டும் 0.4 ஆம்பியரும் வேண்டும். மாதிரி ரயில் அந்த எல்லைக்கோட்டின் மேலேயே ஓடுகிறது. மோட்டாரின் சுருள் வேறு, தொடர்பு அறும்போது மின்னழுத்தத்தை ஒரு கணம் எகிற வைக்கிறது. பழைய முறையில் மெதுவாக ஓட்டும்போது தண்டவாளத்தில் நாலைந்து வோல்ட்தான் இருக்கும். டிஜிட்டல் முறையில் ரயில் ஊர்ந்தாலும் முழு மின்னழுத்தமும் எப்போதும் தண்டவாளத்தில் நிற்கிறது.

ஆவியான உலோகம் காற்றோடு சேர்ந்து ஆக்சைடாகிறது. அருகிலிருக்கும் எண்ணெய்ப் பசை கரியாகிறது. இரண்டும் குழைந்ததுதான் அந்தக் கறுப்புப் பிசுக்கு. இது வெறும் ஊகம் என்பவர்களுக்குக் கைக்கெட்டிய சான்று உண்டு. நெடுநாள் ஓடிய எஞ்சினின் சக்கரத்தைப் பிசுக்கு போகத் துடைத்துவிட்டு, கடிகாரம் பழுதுபார்ப்பவர் கண்ணில் மாட்டும் வில்லையால் பாருங்கள். மின்சாரம் எடுக்கும் சக்கரத்தின் ஓட்டப்பரப்பில் அம்மைத் தழும்பு போல நுண்குழிகள் இருக்கும். தூசி உலோகத்தில் குழி தோண்டாது.

இதுவரை சொன்னது எந்த ஊருக்கும் பொருந்தும். கடலோரத்தில் இது எப்படி மோசமாகிறது என்று பார்க்க, இனிக் குளத்தூருக்கு வரலாம். பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரத்தில் கடல் பக்கமாக, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிக் கிடக்கும் ஊர். பொழியூர்க் கடற்கரையும் நெய்யாறு கடலில் சேரும் பூவாறும் பக்கம்தான். இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழையும் துலாமழை என்கிற வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே நனைக்கிற பகுதி. அலை உடையும்போது கிளம்பும் உப்புத் துளிகள் காய்ந்து, ஒரு மைக்ரானிலிருந்து பத்து மைக்ரான் வரையான துகள்களாக வீட்டுக்குள் வருகின்றன. 18 மைக்ரான் வாசலுக்குப் பத்து மைக்ரான் துகள் சாதாரணத் தடையல்ல. அதைவிட மோசம், உப்பு ஈரம் பிடிப்பது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு தானே நீரை உறிஞ்சிக் கரைந்துவிடும். கடல் உப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். அந்தக் கரையோரத்தில் மழைக்கால இரவுகளில் ஈரப்பதம் 75-ஐச் சாதாரணமாகத் தாண்டும் என்பதால், தண்டவாளத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத உப்புநீர்ப் படலம் ஒன்று கிடந்துகொண்டே இருக்கும். நிக்கல் சில்வரில் வெள்ளி துளியும் கிடையாது. செம்பு, நிக்கல், துத்தநாகம் கலந்தது. செம்பு குளோரைடோடு சேர்ந்தால் பச்சைக் களிம்பு. பித்தளைத் தண்டவாளம் என்றால் இன்னும் வேகம். அதோடு கொசுவர்த்தி, சாம்பிராணி, தாளிக்கும் எண்ணெய்யின் ஆவி. இவை தண்டவாளத்தில் மெல்லிய தார்போலப் படிந்து பொறிக்குத் தீனியாகின்றன. வெளி அழுக்கு வேறு, உள்ளே தயாராகும் அழுக்கு வேறு என்று பிரித்தேன். ஆனால் முன்னது பின்னதைத் தூண்டிவிடுகிறது என்பதுதான் கடலோர ஊரின் விசேஷச் சங்கடம்.

இது இன்றைய பொழுதுபோக்குக்காரர்களின் சங்கடம் மட்டுமல்ல. ஓடும் தண்டவாளத்திலேயே மின்சாரம் கொடுப்பது பெரிய ரயில்களிலும் சோதித்துப் பார்த்துக் கைவிட்ட முறை. சீமென்ஸ் 1881-ல் பெர்லின் அருகே லிக்டர்ஃபெல்டேயில் ஓட்டிய டிராம் இரு தண்டவாளங்களிலிருந்தே 180 வோல்ட் எடுத்தது. குறுக்கே போன குதிரைகள் ஷாக் வாங்கின. மேக்னஸ் வோல்க் 1883 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிரைட்டன் கடற்கரையில் தொடங்கிய சிறு மின்ரயிலும் அதே முறைதான். கடலோரத்தில் மின்சாரம் கசிந்து வீணானதால் சில ஆண்டுகளிலேயே தனியாக மூன்றாம் தண்டவாளம் போட வேண்டியதாயிற்று. 1895-ல் சென்னையில் ஓடத் தொடங்கிய மின்சார டிராம், சாலைக்கடியில் ஒரு பள்ளத்தில் கம்பி வைத்து மின்சாரம் எடுத்தது. மழைக்காலம் அந்தப் பள்ளத்தைச் சும்மா விடவில்லை, தலைக்கு மேல் கம்பிக்கு மாறினார்கள். கொச்சி மெட்ரோ இன்று 750 வோல்ட்டைத் தரையோரத்திலிருந்துதான் எடுக்கிறது, ஆனால் தனித் தண்டவாளம், அதில் உரசிக்கொண்டே போய் மின்சாரம் எடுக்கும், மிதியடி போன்ற தனிப் பாகம். உருளும் தொடர்பைவிட உரசும் தொடர்பு மேல், ஏனெனில் உரசல் படலத்தைத் தானே வழித்துக்கொண்டு போகும். பெரும்பாலான மாதிரி ரயில்கள் மட்டும் 1881-ன் முறையிலேயே நின்றுவிட்டன. பொம்மைக்கு மூன்றாம் தண்டவாளம் அழகாக இல்லை என்பது அதற்கு ஒரு காரணம்.

இப்போது உப்புத்தாளின் கட்சிக்காரர்களைக் கேட்போம். தேய்த்தவுடன் ஓடுகிறதே, கண்கூடான பலனை மறுக்க முடியுமா என்பார்கள். பலன் உண்மைதான், ஆனால் கடன் வாங்கிய பலன். 400 எண் தாளின் மணிகள் சுமார் 35 மைக்ரான். அது விட்டுப்போகும் கீறல்கள் தொடுபரப்புக்கு ஈடான அகலம் உள்ளவை. சக்கரம் அந்தக் கீறல்களின் விளிம்புகளில் மட்டும் உட்காரும். பள்ளங்களில் கரியும் உப்பும் ஒளிந்துகொள்ளும், துணிக்கு அங்கே எட்டாது. விளிம்பிலிருந்து விளிம்புக்குத் தாவும்போதெல்லாம் பொறி. சுரண்டிய தண்டவாளம் சீக்கிரம் கறுப்பதற்கு இதுவே காரணம். ஏற்கெனவே கீறிவிட்ட தண்டவாளத்தை ஒருமுறை 1000, பிறகு 2000 எண் தாளால் படிப்படியாக மழமழப்பாக்கி, கடைசியில் எவர்சில்வர் வாஷர் ஒன்றால் நீளவாக்கில் அழுத்தித் தேய்த்து மெருகேற்றிவிட்டால், அதன் பிறகு தாளைத் தொடவே வேண்டாம். குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்ப்பது போல இதையும் தேய்க்கலாமா என்ற யோசனையும் வரும். புளியின் அமிலம் களிம்பைக் கரைக்கும் என்பது சரியே. ஆனால் விளக்கைக் கழுவிக் காயவைக்க முடியும். கட்டைகளில் பொருத்திய தண்டவாளத்தைக் கழுவ முடியாது. இடுக்கில் தங்கும் அமிலம், புதிதாகத் திறந்த உலோகத்தை அடுத்த களிம்புக்குத் தயார் செய்யும்.

எதைக் கொண்டு துடைப்பது என்பதில் பொழுதுபோக்குக்காரர்களிடையே பெரிய சண்டையே நடக்கிறது. ஆல்கஹால் போன்ற முனைவுள்ள திரவங்கள் பொறியைத் தூண்டும், மண்ணெண்ணெய் போன்ற முனைவற்றவையே நல்லவை என்பது ஒரு கட்சி. திரவம் ஆவியாகிப் போன பிறகு அதன் குணம் தண்டவாளத்தில் என்ன செய்யும்? அது விட்டுப்போகும் எச்சத்தைத்தான் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. மொபைல் பழுதுபார்க்கும் கடைகளில் கிடைக்கும் சுத்தமான ஐசோபுரொபைல் ஆல்கஹால் எண்ணெய்யையும் அதோடு ஒட்டிய கரியையும் இளக்கும், துணி அதை எடுத்துக்கொண்டு போக வேண்டும். துணி கறுப்பது நின்ற பிறகும் ஒரு முறை புதுத் துணியால் துடைப்பதே பாதி வேலை. கை சானிட்டைசரில் பெரும்பாலும் கிளிசரின் இருக்கும், அது பிசுபிசுத்துத் தங்கும். ஆகவே அது வேண்டாம். மண்ணெண்ணெய் நன்றாக வேலை செய்வதாகச் சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. அது விட்டுப்போகும் மெல்லிய எண்ணெய்ப் படலம்தான் அங்கே வேலை செய்கிறது என்று நினைக்கிறேன்.

இங்கே வலுவான ஆட்சேபம் ஒன்று எழும். எண்ணெய் மின்கடத்தாப் பொருள். கடத்தாத ஒன்றைத் தடவினால் தொடர்பு எப்படிச் சீராகும்? திரவத்தால் பாரத்தைத் தாங்க முடியாது. இவ்வளவு மெதுவாக உருளும் சக்கரத்தின் மேட்டு நுனிகள் எண்ணெய்யைப் பிதுக்கித் தள்ளிவிட்டு உலோகத்தைத் தொட்டுவிடும். எண்ணெய் சுற்றியுள்ள பள்ளங்களில் நின்று காற்றையும் உப்பையும் ஈரத்தையும் உள்ளே விடாமல் காக்கும். ஆக்சைடு திடப்பொருள், பாரத்தைத் தாங்கும். அதனால்தான் அது தடை, எண்ணெய் தடையல்ல. அளவு கூடினால் மட்டும் எல்லாம் தலைகீழாகும். தூசி ஒட்டும், ஏற்றத்தில் சக்கரம் சுழன்று நிற்கும். தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு எடுத்துத் துணியில் தேய்த்து, அந்தத் துணியால் தடவி, பிறகு காய்ந்த துணியால் துடைத்தும் விட வேண்டும். மிஞ்சுவது போதும். மென்மையான பென்சிலால் கிராஃபைட் தடவுவது இதன் உறவுமுறை. ஏற்றப் பாதையில் அதைத் தவிர்க்கலாம்.

துடைப்பவர்கள் பெரும்பாலும் மறப்பது சக்கரத்தை. தண்டவாளம் எத்தனை மீட்டர் இருந்தாலும் அழுக்கை ஊரெல்லாம் கொண்டுபோய்ச் சேர்ப்பது சக்கரம்தான். அதுவும் பிளாஸ்டிக் சக்கரங்களிலும், பிடிப்புக்காக ரப்பர் வளையம் போட்ட சக்கரங்களிலும் பிசுக்கு அடையடையாகச் சேரும். பெட்டிகளுக்கு உலோகச் சக்கரம் மாற்றுவது பல மணி நேரத் துடைப்பை மிச்சப்படுத்தும். எஞ்சினில் மின்சாரம் எடுக்கும் சக்கரங்களைக் கூட்டுவதன் பலன் அதைவிடப் பெரிது. ஒரு சக்கரம் நூறில் பத்து கணம் தொடர்பை இழக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு பக்கத்தில் இரண்டு சக்கரம் இருந்தால் இரண்டும் ஒரே கணத்தில் இழக்கும் வாய்ப்பு நூறில் ஒன்று. நான்கு இருந்தால் பத்தாயிரத்தில் ஒன்று. தண்டவாளம் முழுக்க ஒரே களிம்பு மூடியிருந்தால் இந்தக் கணக்கு செல்லாது என்று ஒருவர் மறுக்கலாம். சரிதான். அப்போது எல்லாச் சக்கரங்களும் சேர்ந்தே தோற்கும். ஆனால் அன்றாடம் நிற்பது அப்படி அல்ல, ஒரு துகளின் மேல், ஒரு இணைப்பின் மேல். அங்கே எண்ணிக்கை காப்பாற்றும். ஒரு சக்கரம் பிரியும்போது மின்னோட்டத்துக்கு வேறு வழி இருப்பதால் பொறியே எழாது என்பது கூடுதல் லாபம். டிஜிட்டல் எஞ்சினுக்குள் ஆயிரம் மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்று வைத்தால், மிதமான வேகத்தில் ஓடும் ரயில் ஒரு மில்லிமீட்டர் அழுக்கைக் கடக்கும் எட்டு மில்லி விநாடிகளை அது தாங்கிவிடும். ஆனால் அது தொடர்பு அறுவதை மறைக்கும், பொறியை நிறுத்தாது. தண்டவாளம் மெல்ல மெல்லக் கெட்டுக்கொண்டிருப்பது தெரியாமல் போகும்.

குளத்தூர் மழைக்காலத்துக்கு இவற்றோடு இன்னும் இரண்டு வேண்டும். ஒன்று, ஓட்டம்: தடச்சுற்றில் பார்த்தது போல, தினமும் சக்கரம் உருளும் தண்டவாளத்தில் படலம் தடிக்க நேரம் கிடைப்பதில்லை. மற்றொன்று, கொஞ்சம் சூடு. கேமரா லென்ஸில் பூஞ்சை பிடிக்காமல் இருக்க அலமாரியில் பழைய குண்டு பல்பு எரியவிடுவார்களே, அதே வேலைதான். 28 டிகிரி, 85 சதவீத ஈரப்பதமுள்ள காற்றை மூடிய பெட்டிக்குள் ஐந்து டிகிரி சூடாக்கினால் ஈரப்பதம் சுமார் 64 சதவீதமாக இறங்கும். உப்பு கரையும் 75-க்குக் கீழே வந்தாயிற்று. மெக்னீசியம் குளோரைடு அப்போதும் ஈரமாகவே இருக்கும். ஆகவே இது உப்பைத் துடைத்து எடுப்பதற்கு மாற்று ஆகாது.

கடைசி ஆட்சேபம் எல்லாவற்றையும் ஒரே வெட்டாக வெட்டிவிடப் பார்ப்பது: எஞ்சினுக்குள்ளேயே பேட்டரி வைத்துவிட்டால் தண்டவாளம் எப்படி இருந்தால் என்ன? திருவனந்தபுரம் வேளி சுற்றுலா கிராமத்தில் 2020 நவம்பரில் ஓடத் தொடங்கிய சூரிய மின்சக்தி குட்டி ரயில் அப்படித்தான் வடிவமைக்கப்பட்டது. 2.5 கிலோமீட்டர் பாதை, கடல் பக்கத்திலேயே. தண்டவாளத்திடம் அது கேட்பது தாங்குவதை மட்டும். பெட்டியில் பேட்டரிக்கு இடமுள்ள அளவுகளுக்கு இது நல்ல தீர்வு, மறுக்க ஒன்றுமில்லை. உள்ளங்கையில் அடங்கும் எஞ்சினில் பேட்டரிக்கு இடம் கொடுத்தால் எடைக்கட்டைக்கு இடம் போகும், ஓட்ட நேரமும் குறையும். அதோடு, சார்ஜ் ஏற்றும் இடத்தில் தொடர்பு மறுபடி தேவைப்படுகிறது. ஆனால் அந்தத் தொடர்பு வேறு ஜாதி. அங்கே ஸ்பிரிங் போட்டு 37 கிராமுக்குப் பதில் 100 கிராம் பாரம் கொடுக்கலாம், முனைகளுக்குத் தங்கம் பூசலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, எஞ்சின் வந்து நின்று முனைகள் நன்றாகத் தொட்ட பிறகு மின்சாரத்தைத் திறக்கலாம், கிளம்பும் முன் அடைத்துவிடலாம். மின்சாரம் பாயும்போது முனை பிரிவதே இல்லை என்றால் பொறிக்கு வழியே இல்லை.